லயம் பிறந்த கதை

போடிநாயக்கனூரில் "வீடு யார் பேர்ல இருக்கு?" என்று ஒருவர் கேட்டால் பட்டாவைப் பற்றிக் கேட்கிறார் என்று அர்த்தம். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டைத் தாண்டியபிறகு அதே கேள்விக்கு அர்த்தம் மாறிவிடும். பெரிய தோட்டங்களில் தொழிலாளிக்குப் பட்டா கிடையாது. தோட்டத்துப் பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவர் பேரில்தான் வீடு. பேர் இருக்கும்வரை வீடு. பேரை அடித்தால், அந்த வீட்டில் பிறந்து வளர்ந்து தாலி கட்டிப் பிள்ளை பெற்றவராக இருந்தாலும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த வீட்டுக்குப் பேர் லயம்.

தமிழில் லயம் என்றால் தாளத்தோடு சேர்ந்தது, ஒன்றில் ஒன்று கரைந்துபோவது. தோட்டத்து லயத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் உறவில்லை. இது 'லைன்' என்ற ஆங்கிலச் சொல். பட்டாளத்துக்காரர்கள் தங்கும் வரிசைக் கொட்டகைகளை வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். தோட்டக் கூலிகளுக்கும் அதே மாதிரி வரிசையாகக் கட்டிக் கொடுத்தபோது அதே பேரை வைத்தார்கள். நம் ஆட்கள் வாயில் அது லயன் ஆயிற்று, பிறகு லயம் ஆயிற்று. வீடு என்று யாரும் பேர் வைக்கவில்லை. வைக்காத அந்தப் பேருக்காகத்தான் இந்த மலையிலும், கடல் தாண்டி இலங்கை மலையகத்திலும், தெற்கே மாஞ்சோலையிலும் சனங்கள் இன்னும் மன்றாடிக்கொண்டிருக்கிறார்கள்.

லயம் வருவதற்கு முன்னால் இந்த மலையில் ஆட்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஏறியவர்கள் முதுவர்கள். அவர்கள் சொல்லும் கதைப்படி ஊர் மதுரை. அங்கிருந்து கிளம்பி, போடிப் பக்கமாக மலையேறி வந்தார்கள். பிள்ளைகளையும் சாமியையும் முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்று பேர் வந்ததாம். அவர்கள் குடிகளில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆகாத இளந்தாரிகள் பெற்றோர் வீட்டில் படுப்பதில்லை. அவர்களுக்கென்று பொதுவாக ஒரு சாவடி இருக்கும். வழிப்போக்கர்களுக்கும் அங்கேதான் இடம். குமரிப் பெண்களுக்கும் தனியாக ஒரு இடம், துணைக்கு வயதான பெண் ஒருத்தி. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளிலும் இந்தச் சாவடி பதிவாகியிருக்கிறது. பெற்றோரோடு ஒட்டிக்கொண்டு வாழ்வதுதான் நம் மண்ணின் ஆதி வழக்கம் என்று மேடையில் பேசுகிறவர்கள் குரங்கணிக்கு மேலே இருக்கும் முதுவாக்குடிகளின் இந்த வழக்கத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. பிள்ளை வளர்ந்தால் வேறு கூரை. ஆனால் கூப்பிடு தூரத்தில். அதற்கு வாடகையும் இல்லை, பதிவேடும் இல்லை.

அடுத்து ஏறியது ஏலக்காய். உண்மையில் ஏலம் அங்கேயே காட்டில் கிடந்தது. ஏறியவர்கள் அதைத் தேடிப் போன நம் கம்பம் பள்ளத்தாக்குச் சம்சாரிகள். மலை திருவிதாங்கூர் ராஜாவுக்கு, உழைப்பு மதுரைச் சீமைக்காரர்களுடையது. 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதிக் காலம் ஏலம் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைச் சரக்கு. விளைந்ததைச் சர்க்காரிடம் அளந்து கொடுத்துவிட்டுத் தன் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் ஏலம் ஆளை மலையில் குடிவைக்கவில்லை. காட்டில் கீழ்ச்செடிகளை வெட்டிச் சுத்தம் பண்ண ஒரு பருவம், காய் எடுக்க ஒரு பருவம். மலைக்காய்ச்சல் பயம் வேறு. அதனால் ஏறினார்கள், குடிசை போட்டுத் தங்கினார்கள், மூட்டையோடு இறங்கிவிட்டார்கள். தாய் தகப்பன், பெண்டாட்டி பிள்ளை எல்லாம் அடிவாரத்து ஊர்களில். மலை வேலை செய்யும் இடம். கீழே இருப்பது வீடு. இந்தப் பிரிவு அன்றைக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது.

அதைக் குலைத்தது தேயிலை.

1877-ல் பூஞ்சாறு அரசரிடமிருந்து மூணாற்றுப் பக்கத்துக் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்ரோ குத்தகைக்குப் பெற்றார். கொஞ்ச காலம் காப்பி, சிங்கோனா என்று பலதையும் நட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் தேயிலையில் நிலைத்தார்கள். தேயிலையின் குணம் வேறு. வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து கிள்ளியே ஆக வேண்டும். விட்டால் முற்றிப்போகும். பருவத்துக்கு வந்து போகிற ஆள் அதற்கு உதவமாட்டான். ஆண்டு முழுவதும் விடியற்காலையில் கூப்பிட்டால் வந்து நிற்கிற தூரத்தில் ஆள் வேண்டும். ஒற்றை ஆளாக இருந்தால் ஊர் நினைப்பு வந்து ஓடிவிடுவான், ஆகவே குடும்பமாக வேண்டும். பெண்கள் வேண்டும், ஏனென்றால் கொழுந்து கிள்ளுவது பெரும்பாலும் அவர்கள் வேலையாக்கப்பட்டது. பிள்ளைகளும் வேண்டும், நாளைய ஆட்கள் அவர்கள்தானே. இப்படித்தான் மலையில் லயம் எழுந்தது. குடியானவனுக்கு நிழல் வேண்டும் என்று யாரோ இரங்கிக் கட்டியதில்லை. கொழுந்து முற்றிவிடக் கூடாது என்று கட்டியது.

இதே கதை அதற்கு முன்பே இலங்கையில் நடந்து முடிந்திருந்தது. அங்கே காப்பிக் காலத்தில் நம் ஆட்கள் கடல் தாண்டி, மன்னார்க் காட்டு வழியே நடந்து போய், பழம் பறித்துவிட்டுத் திரும்பினார்கள். 1869 வாக்கில் காப்பி இலையில் பூஞ்சை நோய் விழுந்தது. அது காப்பியை அழித்த இடத்தில் தேயிலை வந்தது. தேயிலை வந்ததும் போனவர்கள் திரும்பவில்லை. லயத்தில் தங்கிவிட்டார்கள். பயிர் மாறினால் வீடு மாறுகிறது, வீடு மாறினால் குடும்பத்தின் கட்டு மாறுகிறது.

நம் பக்கத்தில் ஆட்களைத் திரட்டியவர்கள் கங்காணிகள். திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளில் மழை தவறிய ஊர்களாகப் பார்த்து முன்பணம் கொடுத்து அழைத்து வந்தார்கள். போடிதான் வாசல். 1908-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கில் சின்ன ரயில் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்கு வந்தன. 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. 1928-ல் போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது. பெட்டி இறங்கிய அதே சரிவில்தான் சனங்கள் ஏறினார்கள். பெட்டிக்குக் கம்பிவடம் இருந்தது, ஏறினவர்களுக்குக் கால்தான்.

லயத்து அறை என்பது என்ன? இலங்கையில் பேர்போன அளவு பத்துக்குப் பன்னிரண்டடி. மூணாற்றுப் பக்கம் ஒரு அறை, பின்னால் ஒரு சமையல் இடம், முன்னால் ஒரு திண்ணை. நீளமான ஒரே கூரை, நடுநடுவே சுவர். அடுத்த வீட்டுக் குழந்தை இருமினால் இந்த வீட்டில் கேட்கும். அதில் தாய் தகப்பன், இரண்டு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்குக் கல்யாணம் ஆனால் அதே அறையில் பழைய சேலை ஒன்று குறுக்கே கொடியில் ஏறும். சேலைக்கு அந்தப் பக்கம் புது மருமகள். தகப்பன் திண்ணைக்குப் போய்விடுவார், மலைக்குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு. அம்மா அடுப்படியில் சுருண்டுகொள்வாள். பேரப்பிள்ளை பிறந்தால் தொட்டில் அடுப்பு வெப்பம் படும் இடத்தில் தொங்கும். இதைக் கூட்டுக்குடும்பம் என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சேலைக்குப் பின்னால் பேச்சைக் குறைத்துக்கொண்டு வாழ்ந்த பெண்களுக்கு அது பெருமையாக இருந்திருக்காது. அதே சமயம், பிள்ளையைக் கிழவியிடம் விட்டுவிட்டு விடியலில் தைரியமாக வேலைக்குப் போக முடிந்தது அந்த நெருக்கத்தால்தான் என்று அதே பெண்கள் சொல்வார்கள். இரண்டும் உண்மை.

சட்டம் 1951-ல் வந்தது. தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு கட்டிக்கொடுத்துப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்றது. முதலில் தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனா. ஏலம் அந்தப் பட்டியலுக்குள் வர முப்பது ஆண்டு ஆயிற்று. 1981-ல் திருத்தம் செய்து, ஐந்து ஹெக்டேரும் பதினைந்து ஆட்களும் உள்ள ஏலத்தோட்டங்களையும் சேர்த்தார்கள். அதே திருத்தத்தில் இன்னொன்றையும் எழுதினார்கள்: கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ செத்தால், காயப்பட்டால், முதலாளி நஷ்டஈடு தர வேண்டும். சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு எழுத வேண்டி வந்ததென்றால் அதற்கு முன்னால் எத்தனை கூரைகள் விழுந்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஏலத்தோட்டங்களில் மிகப் பல ஐந்து ஹெக்டேருக்குக் கீழே. அங்கே சட்டமும் இல்லை, லயமும் பேருக்குத்தான்.

ஆனாலும் இந்தச் சட்டம் தொழிலாளிக்கு வீட்டைக் கொடுக்கவில்லை. வேலைக்கு ஒரு வீட்டைக் கொடுத்தது. வித்தியாசம் தெரிவது 58 வயதில். ஓய்வு வந்துவிட்டால் பதிவேட்டிலிருந்து பேர் போகும். சாவியைக் கொடுத்தால்தான் பணிக்கொடை என்று பல தோட்டங்களில் நின்றுவிடுவார்கள். பணிக்கொடைச் சட்டப்படி ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி. முப்பத்தைந்து ஆண்டு உழைத்தவருக்கு 525 நாள் கூலி. அதை வைத்துக்கொண்டு எந்த ஊரில் மனை வாங்குவது? அதனால் ஒரு பிள்ளையைப் பிடித்துப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். பெரும்பாலும் கடைசிப் பிள்ளை, அல்லது படிப்பு ஏறவில்லை என்று வீட்டார் முடிவு கட்டிவிட்ட பிள்ளை. சில வீடுகளில் மருமகள். அந்தப் பிள்ளை கொழுந்துக் கூடையையோ மருந்தடிக்கும் குழாயையோ எடுத்த நாளிலிருந்து வீடு அவன் பேருக்கு மாறும். சுவர் மாறாது, அடுப்பு மாறாது, திண்ணையில் தகப்பன் படுக்கும் இடமும் மாறாது. நேற்றுவரை மகன் தகப்பன் வீட்டில் இருந்தான். இன்றைக்குத் தகப்பன் மகன் வீட்டில் இருக்கிறார்.

உலகத்தில் பிள்ளை எந்த வயதில் வீட்டைவிட்டுப் போகிறது என்று கணக்கெடுக்கிறார்கள். ஃபின்லாந்தில் 21, 22 வயதில் போய்விடுகிறார்கள். குரோஷியாவில் முப்பதைத் தாண்டுகிறது. மேகாலயாவில் காசிகளிடையே கடைசி மகளுக்குத்தான் வீடு. பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொள்வதும் அவள்தான். காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வருகிறவர். இவற்றை எல்லாம் பண்பாடு என்கிறோம். ஏலமலைச் சரிவில் பிள்ளை பெற்றோரோடு இருப்பதையும் பண்பாடு என்று சொல்லிவிடலாம். பாசமும் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் வேலைதான் பெற்றோரின் முதுமைக்கு வாடகை. கோயம்புத்தூர் மில்லுக்கோ திருப்பூர் கம்பெனிக்கோ போயிருக்க வேண்டியவன், அப்பனையும் அம்மாவையும் வீதியில் நிறுத்த மனமில்லாமல் மலையிலேயே நின்றுவிட்ட கதைகள் லயத்துக்கு லயம் உண்டு. அவன் பாசத்தை அந்தப் பதிவேடு பயன்படுத்திக்கொள்கிறது. இதைத்தான் நான் தப்பு என்கிறேன். சேர்ந்து இருப்பது தப்பில்லை. சேர்ந்து இருக்காவிட்டால் கூரை போய்விடும் என்ற நிலை தப்பு.

லயத்து வீட்டைத் தொழிலாளி பேருக்கு எழுதித் தரக் கேட்டால், குத்தகை நிலத்தில் வீடு உரிமையாகாது என்பார்கள். சிங்கப்பூரில் அரசு கட்டித் தரும் அடுக்குமாடி வீடுகளும் 99 ஆண்டுக் குத்தகைதான். ஆனால் அந்தக் குத்தகை குடியிருப்பவர் பேரில் இருக்கிறது. அங்கே ஏறக்குறைய 90 விழுக்காட்டுக் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காரர்கள். 2015 முதல், பெற்றோரோடு சேர்ந்தோ அருகிலோ குடியிருக்க வீடு வாங்குகிறவர்களுக்கு மானியமும் உண்டு. திருநெல்வேலி மாஞ்சோலையிலும் 99 ஆண்டுக் குத்தகைதான். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் கொடுத்தது, 8,373 ஏக்கர். அது தோட்டக் கம்பெனி பேரில். 2024-ல் தோட்டத்தை மூடப் போவதாகச் சொல்லி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இறங்கச் சொன்னபோது, நான்கு தலைமுறையாக அங்கே அடுப்பெரித்தவர்களிடம் காட்ட ஒரு காகிதம் இல்லை. அதே 99 ஆண்டு. யார் பேர் என்பதுதான் வேறு.

ஏலமலையில் இது இன்னும் சிக்கல். 1897-ல் திருவிதாங்கூர் அரசு ஏலமலைக் காப்புக்காடு பற்றி ஓர் அறிவிப்பு போட்டது. அதன் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற வழக்கு இன்றுவரை ஓடுகிறது. முன்னால் ஒரு இரண்டு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துத் தாலுகா அளவு நிலம் காடாகவோ காணியாகவோ மாறும். 1977-க்கு முன்னால் குடியேறியவர்களுக்குப் பட்டா தருவதற்குக் கேரளம் 1993-ல் தனி விதிகள் போட்டது. அதிலும் பயன்பெற்றவர்கள் நிலத்தைப் பிடித்து உழுதவர்கள். லயத்தில் இருந்தவன் நிலத்தைப் பிடிக்கவில்லை. மற்றவர் பிடித்த நிலத்தில் கூலிக்கு நின்றான்.

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு. மூணாற்றுக்கு மேலே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. எழுபது பேர். நான்கு பேரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. பலருக்கும் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறுப் பக்கம். அப்போது வந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அண்ணன், தம்பி, அவர்கள் பெண்டாட்டிகள், பிள்ளைகள், பெற்றவர்கள் என்று ஒரே குடும்பத்துப் பேர்கள் வரிசையாக வந்தன. லயம் என்றால் வரிசை என்றேனே, அந்த வரிசை ஒரே வம்சம். மகன் கல்யாணமாகிப் பிரிந்தால் அடுத்த கதவுக்குத்தான் பிரிவான். ஒரு மலைச்சரிவு ஒரு வம்சத்தையே எடுத்துக்கொள்ள முடிந்தது அதனால்தான். பிழைத்தவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் வீடு கட்டிக்கொடுத்தார்கள். தன் பேரில் ஒரு கதவு கிடைக்க அந்தக் குடும்பங்கள் கொடுத்த விலை அது.

இலங்கையில் மலையகத் தமிழர்கள் கேட்டுவந்தது ஏழு பேர்ச் மண். நம் கணக்கில் நாலரை சென்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. அதில் தனி வீடு, கையில் உறுதிப் பத்திரம். இந்திய அரசு 4,000 வீடுகள் கட்டித் தருவதாகச் சொல்லி, 2017-ல் நோர்வூட்டில் இன்னும் 10,000 என்று அறிவித்தது. லயத்தைத் திருத்திக் கட்டுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, லயமே வேண்டாம் என்கிறார்கள். இருநூறு ஆண்டு அனுபவம் பேசுகிறது.

நம் போடிச் சரிவில் சனங்கள் வேறொரு வழி கண்டார்கள். விடியற்காலை போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் ஜீப்புகள் நிற்கும். சோற்று வாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறுவார்கள். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று பிரிந்து போய், காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். அந்த வளைவுகளில் ஜீப் உருண்டு செத்தவர்கள் உண்டு. லயத்தில் தங்கினால் அந்தப் பயணம் மிச்சம். ஆனாலும் இறங்குகிறார்கள். இரவு படுப்பது தன் கூரைக்குக் கீழே என்பதற்காக அந்தப் பயணத்தை ஏற்கிறார்கள். பழைய ஏலக்காய்ச் சம்சாரியின் வாழ்க்கைதான் இது, டயர் போட்டு வந்திருக்கிறது. இவர்கள் காலி செய்த லயங்களில் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் குடும்பத்தோடு இருக்கிறார்கள். கொடியில் தொங்கும் சேலையின் கரை மட்டும் மாறியிருக்கிறது.

மேலேயே தங்கிவிட்டவர்களும் கீழே ஒரு இடத்தைத் தேடிக்கொள்கிறார்கள். பணிக்கொடை மொத்தமாக வருவதால் ஒத்திக்குப் போகிறவர்கள் உண்டு. ஒரு தொகையைக் கொடுத்தால் மாத வாடகை இல்லை, காலம் முடிந்தால் தொகை திரும்ப வரும். கொரியாவில் இதையே ஜான்சே என்கிறார்கள். அங்கே நகரத்து இளம் குடும்பங்களுக்கு அது பழக்கமான வழி. இங்கே மலையிறங்கிய கிழவன் கிழவிக்கு அது கைகொடுக்கிறது. இன்னும் கொஞ்சம் முடிந்தவர்கள் சீட்டுப் போட்டு, ஆட்டை விற்று, சங்கத்தில் கடன் வாங்கி, போடிப் பக்கமோ தேவாரம் பக்கமோ இரண்டு சென்ட் வாங்கி ஓர் அறை எழுப்புகிறார்கள். முதல் ஆண்டு அஸ்திவாரம், மூன்றாம் ஆண்டு சுவர், ஏழாம் ஆண்டு கூரை. பால் காய்ச்சும் நாளில் லயமே ஜீப் பிடித்து இறங்கி வரும்.

பிறகு எல்லாரும் திரும்ப மேலே போய்விடுவார்கள். மகனுக்கு மேலேதான் வேலை; பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்; தகப்பனுக்கும் அந்தக் குளிர் பழகிவிட்டது. அடிவாரத்துத் தெருக்களில் நடந்தால் அப்படிப்பட்ட வீடுகள் தெரியும். நல்ல பெயின்ட், வாசலில் காய்ந்த மாவிலைத் தோரணம், கதவில் பூட்டு. பொங்கலுக்கும் சாமி கும்பிடுக்கும் நான்கு நாள் திறக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கணக்கு எடுக்க வருகிறவர் மீட்டரைப் பார்த்து, அட்டையில் போன தடவை எழுதிய அதே எண்ணை எழுதிவிட்டுப் போகிறார். அட்டையில் வீட்டுக்காரர் பேர் என்ற இடத்தில், திண்ணையில் படுத்து மகனை வளர்த்த அந்தத் தகப்பனின் முழுப்பேர், தகப்பன் பேரோடு சேர்த்து, தமிழில் எழுதியிருக்கிறது.